ஒரு நூல் காடி

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் டாக்டரம்மா ஒரு பெட்டி வரைந்து காட்டினார். இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், அதே அளவு உயரம். அடித்தட்டில் இரண்டு குண்டு பல்பு. அதற்கு மேலே ஓட்டை போட்ட பலகை, பலகை மேல் சின்ன மெத்தை. நாலு பக்கமும் கண்ணாடி, மூடியும் கண்ணாடி. ஒரு பக்கத்துக் கண்ணாடி மட்டும் தள்ளித் திறக்கும்படி இருக்க வேண்டும், நர்ஸ் கையை விட்டுப் பால் புகட்டுவதற்கு. சூடு உள்ளேயே நிற்க வேண்டும், விஷயம் அவ்வளவுதான் என்றார். எப்போது கிடைக்கும் என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறேன் என்றேன். அப்போது காலை ஏழரை மணி.

என் மகள் பிறந்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

எண்பதுகளின் கடைசி அது. வளைகாப்பு முடிந்து பதினோராம் நாள். என் மனைவி கை நிறைய வளையலோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பகுதியில் தன் அக்காள் வீட்டில் இருந்தாள். நான் ராஜபாளையத்தில் இருந்தேன். வலி கண்டுவிட்டது என்று ஆள் வந்து சொல்லி, முதல் பஸ்ஸைப் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஏழரை மாதம். ஒன்றே கால் கிலோ. பஞ்சில் சுற்றி, இரண்டு பக்கமும் வெந்நீர் பாட்டில் வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். முகம் மட்டும் வெளியே தெரிந்தது. வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கான மிஷின் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஆனால் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் காரில் கொண்டுபோனால் வழியிலேயே குளிர்ந்துவிடும், இரண்டு மூன்று நாள் இங்கே சூட்டில் வைத்துத் தேற்றிவிட்டால் பிறகு தைரியமாக எடுத்துப் போகலாம் என்றார். அந்தச் சின்ன நர்சிங் ஹோமில் முன்பு ஒரு பெட்டி இருந்தது. கரையான் அரித்துச் சட்டமெல்லாம் மாவாகி, கொல்லைப்பக்கம் கிடந்தது. நான் தச்சன் என்று மதினி, என் மனைவியின் அக்காள், சொன்னதும்தான் டாக்டரம்மா சீட்டைத் திருப்பிப் படம் போட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மற்ற அப்பன்மார்கள் வராண்டாவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கத்தான் முடியும். எனக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது, அதுவும் எனக்குத் தெரிந்த வேலை. ராஜபாளையத்துக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போதே மனசுக்குள் சட்டங்களை அறுத்து, துளையிட்டு, கோத்து முடித்துவிட்டேன்.

பட்டறையில் கூட்டாளி இருந்தான். என் வயதுக்காரன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பட்டறையை ஆரம்பித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வேகத்தில் அவன் என்னைவிட ஒரு படி மேலே, நேர்த்தியில் நான் அவனைவிட ஒரு படி மேலே என்பது என் கணக்கு. அவன் கணக்கு வேறாக இருந்திருக்கும். விஷயத்தைச் சொன்னேன். ஒரு பீரோவுக்காக இழைத்து அடுக்கியிருந்த தேக்குச் சட்டங்களை எடுத்துப் போட்டு அறுக்க ஆரம்பித்துவிட்டான். நான் கண்ணாடிக் கடைக்கு ஓடி, மூன்று மில்லி கண்ணாடியை அளவுக்கு வெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். பத்து மணிக்கெல்லாம் சட்டம், கண்ணாடி, பல்பு ஹோல்டர் எல்லாம் தயாராக இருந்தன.

"சட்டத்துல ரெண்டு பக்கமும் பீடிங் வச்சு ஆணியடிச்சு, நடுவுல கண்ணாடியச் சொருகிருவோம். மத்தியானத்துக்கு நீ அங்க நிக்கலாம்" என்றான் கூட்டாளி.

நான் முடியாது என்றேன். காடி எடுத்துத்தான் கண்ணாடி மாட்ட வேண்டும் என்றேன்.

பீடிங் என்பது மெல்லிய மரச்சட்டம். அதை இரண்டு வரிசை ஆணியடித்து வைத்தால், நடுவில் இருக்கும் சந்தில் கண்ணாடி நிற்கும். காடி என்பது சட்டத்தின் உடம்பிலேயே நீளமாகப் பள்ளம் எடுப்பது. அதற்குள் கண்ணாடி இறங்கிவிட்டால் சட்டமும் கண்ணாடியும் ஒன்று. எந்தத் தச்சனைக் கேட்டாலும் காடிதான் வேலை, பீடிங் ஒப்பேற்றல் என்றுதான் சொல்வான். அதற்கு முந்தின வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்கு நாங்கள் ஷோகேஸ் செய்தோம். அவசரம் என்று பீடிங் அடித்துக் கொடுத்தோம். கடையில் வேலை செய்த பெண் துடைக்கும்போது ஒரு பீடிங் பெயர்ந்து, கண்ணாடி சரிந்து, அவள் உள்ளங்கையைக் குறுக்கே கிழித்துவிட்டது. அந்தக் கையை நான் பார்த்தேன். என் மகளின் தலைக்கு மேலே ஒரு கண்ணாடி, பக்கத்தில் நாலு கண்ணாடி. இதைத்தான் கூட்டாளியிடம் சொன்னேன்.

சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. அந்தப் பெட்டியை டாக்டரம்மா பார்ப்பார், என் மனைவி பார்ப்பாள், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தச்சர்கள் நாலு பேராவது பார்ப்பார்கள். சொந்தப் பிள்ளைக்கு ஆணியடித்த பெட்டியைத்தான் செய்தானா என்று ஒருவன் நினைத்துவிடக் கூடாது என்று எனக்கு இருந்தது. பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிற நேரத்தில் இப்படியும் ஒருத்தன் நினைப்பானா என்றால், நினைத்தேன்.

மூன்று மில்லி கண்ணாடிக்கு ஒரு நூல் காடி வேண்டும். எங்கள் அளவில் ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். பட்டறையில் இருந்த மரத்தாலான காடி இழைப்புளி இரண்டு நூல் போடுவது. அதில் கண்ணாடியை வைத்தால் லொடலொடவென்று ஆடும், சூடும் வெளியே போய்விடும். ரம்பத்தால் கோடு போட்டு உளியால் கொத்தலாம் என்றால், மொத்தம் இருபது காடி, சாயங்காலத்துக்குள் முடியாது. ஆனால் என்னிடம் ஒரு காம்பினேஷன் பிளேன் இருந்தது. மில் ஒன்றில் பழைய சாமான் கழித்தபோது மரப்பெட்டியோடு வாங்கியது, இங்கிலாந்தில் செய்தது. ஒரே இழைப்புளி, கட்டரை மாற்றினால் வேலை மாறும். அரை அங்குலக் கட்டர், முக்கால் அங்குலக் கட்டர் போட்டு எத்தனையோ வேலை செய்திருக்கிறேன், வெண்ணெயில் கத்தி போகிற மாதிரிப் போகும். ஒரு நூல் கட்டர் எண்ணெய்த் துணியில் சுற்றிய நிலையிலேயே இருந்தது. அதுவரை அதற்குத் தேவை வரவில்லை.

அன்று அதைப் பிரித்து எடுத்துப் பொருத்தப் பார்த்தேன்.

இந்த இழைப்புளியின் அடியில் ஒரு மெல்லிய இரும்புத் தகடு நீளமாக ஓடுகிறது. பக்கத்தில் நகர்த்தி வைக்கிற மாதிரி இன்னொரு தகடு. பெரிய கட்டர் என்றால் இந்த இரண்டுக்கும் நடுவில், இரண்டு தோள் மேலும் கை போட்டுக்கொண்டு நிற்கிறவனைப் போல அசையாமல் நிற்கும். ஒரு நூல் கட்டருக்கோ அந்த இரண்டாவது தகடு நிற்கவே இடமில்லை. அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றிவிட்டால், கட்டரை அந்தப் பக்கத்திலிருந்து அழுத்திப் பிடிக்க ஒன்றும் இல்லை. மேலே ஒரு திருகு இறுக்குகிறது, சரி. கீழே, மரத்தைத் தொடுகிற இடத்தில் கட்டர் அனாதையாக நிற்கிறது.

முதல் சட்டத்தில் அரை அடி நன்றாகப் போனது. பிறகு கட்டர் சாய்ந்து, காடி ஒரு பக்கமாக அகன்று, இரண்டு நூல் ஆகிவிட்டது. தகரத்தை மடித்துச் செருகி இறுக்கினேன். இரண்டாவது சட்டத்தில் கட்டர் மேலே ஏறிக்கொண்டு, ஆழம் இல்லாமல் கீறலாகப் போனது. சைக்கிள் டியூப்பை வெட்டி வைத்தேன். மூங்கில் ஆப்பு சீவி அடித்தேன். மூன்றாவது சட்டத்தில் ஓரமே பிய்ந்து வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது. மணி ஒன்று ஆகிவிட்டதைச் சாப்பாட்டு மணியடித்த பள்ளிக்கூடத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கூட்டாளி பழைய பீடிங் கட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தான். கோபம் வந்தால் அவனுக்கு வீட்டுப் பேச்சு வந்துவிடும். "வத்துரா" என்றான், வேண்டாமடா என்று. "வீம்பு பண்ணாத. அங்க பிள்ளை கெடக்கு."

எனக்கு எங்கிருந்துதான் அந்த வார்த்தை வந்ததோ. அவனுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. அவன் வீட்டில் அதற்காக ஏறாத கோயில் இல்லை. அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"ஏலே, நான் எம் பிள்ளைக்குச் செய்யுதேன். பிள்ளை இல்லாதவனுக்கு இது எங்க வெளங்கும்."

அவன் கையிலிருந்த ரம்பத்தைச் சுவரில் அதன் ஆணியில் மாட்டினான். சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு மழையிலேயே நடந்து போய்விட்டான். நான் அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், இரண்டு கைகள் கூட இருந்திருக்கும். அதற்குப் பதிலாக நாலாவது சட்டத்தை எடுத்தேன்.

சாயங்காலம் வெளிச்சம் போனபோது என்னிடம் பெட்டி இல்லை. பாழாய்ப் போன ஏழு சட்டங்களும் கட்டைவிரலில் ஒரு வெட்டும் இருந்தன. சாயங்காலத்துக்குள் என்று சொல்லியிருந்ததால் போகாமலும் இருக்க முடியவில்லை. வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

நர்சிங் ஹோமில் மதினி அடுப்புக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தாள். அரை மணிக்கு ஒரு தடவை பாட்டிலில் வெந்நீர் மாற்ற வேண்டும், அதிகச் சூடும் கூடாது, ஆறியும் விடக்கூடாது. மகளின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமண்ணைத் தொட்ட மாதிரி இருந்தது. ஆனால் மூச்சு இருந்தது. பால் நாலு சொட்டு உள்ளே போனது என்று மனைவி சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிறகு என் கையைப் பார்த்தாள், கதவுப் பக்கம் பார்த்தாள்.

"பெட்டி எங்க?"

"பெட்டி வேலைன்னா சும்மாவா. முழுசா ரெண்டு நாள் வேலை. நாளைக்கு வந்துரும்" என்றேன்.

அவளுக்குத் தச்சு வேலையைப் பற்றி என்ன தெரியும். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிறவள். "அவசரப்படாம நல்லாப் பாத்துச் செய்யுங்க" என்றாள். வளையல் குலுங்கக் கூடாது என்று கையை மெதுவாக நீட்டிப் பிள்ளையின் பஞ்சைச் சரிசெய்தாள். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. காலையிலாவது வந்துவிடுமா என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன்.

அப்போதாவது பீடிங் அடித்திருக்கலாம் அல்லவா என்று நீங்கள் கேட்பீர்கள். இத்தனை வருஷமாக நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தப் பாதத்தைத் தொட்ட பிறகு எனக்குப் பயம் கூடியது. பயம் கூடக்கூடப் பிடிவாதமும் கூடியது. இவ்வளவு சின்ன உடம்பின் மேல் ஒரு கண்ணாடிச் சில்லு விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் கண் முன்னால் நின்றது. ஒரு நாள் முழுக்கக் காடிக்காகப் போராடிவிட்டு, மறுநாள் போய்ப் பீடிங் அடித்தால், அந்த ஒரு நாள் எதற்காகப் போனது என்ற கேள்விக்கும் பதில் இல்லை. அதற்குப் பயந்துதான் மறுபடியும் காடிக்கே போனேன்.

மறுநாள் விடிந்ததும் பட்டறையில் இருந்தேன். இழைப்புளியின் மரப்பெட்டிக்குள் நாலு பக்க இங்கிலீஷ் காகிதம் ஒன்று மடித்துக் கிடந்தது. படிக்கத் தெரியாது, அதனால் அதைப் பிரித்ததே இல்லை. அன்று பிரித்துப் படங்களைப் பார்த்தேன். மூன்றாவது பக்கத்தில் மெல்லிய கட்டர் போட்ட படம். இரண்டாவது தகடு இல்லை. அது இருந்த இடத்தில் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு இரும்புத் துண்டு, ஒரே திருகில் நின்றுகொண்டு கட்டரைப் பக்கவாட்டில் அழுத்திப் பிடித்திருந்தது. மரப்பெட்டிக்குள் ஒவ்வொரு சாமானுக்கும் குடைந்த பள்ளம் உண்டு. அதில் ஒரு சின்னப் பள்ளம் நான் வாங்கிய நாளிலிருந்தே காலியாக இருந்தது. ஏதோ ஒன்று தொலைந்திருக்கிறது, அது இல்லாமலே வேலை ஓடுகிறதே என்று விட்டுவிட்டிருந்தேன். மூன்று வருஷம் அந்தக் காலிப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

பழைய இரும்புப் பட்டை ஒன்றைத் தேடி எடுத்தேன். அறுத்து, துளை போட்டு, அரத்தால் ராவ ஆரம்பித்தேன். இரும்பு வேலை என் வேலை இல்லை. ராவுவது, பொருத்திப் பார்ப்பது, பற்றவில்லை என்று கழற்றுவது, மறுபடி ராவுவது. அது கட்டரைத் தொட வேண்டும், ஆனால் மரத்தைத் தொடக் கூடாது. கட்டரும் அடித்தகட்டைவிட இரண்டு பக்கமும் ஒரு காகிதக் கனம் வெளியே நிற்க வேண்டும், இல்லையென்றால் தகடு காடிக்குள் சிக்கிக்கொள்ளும். பதினோரு மணி சுமாருக்கு அது உட்கார்ந்தது. திருகை முடுக்கிவிட்டுக் கட்டரை விரலால் ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.

புதுச் சட்டத்தை வைஸில் பூட்டி, நுனியிலிருந்து ஆரம்பித்துச் சிறிது சிறிதாகப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தேன். தேக்கு நாடா நாடாவாகச் சுருண்டு வந்தது. இரண்டு விளிம்பும் பிசிறில்லாமல், கோடு போட்ட மாதிரி காடி இறங்கியது. கண்ணாடித் துண்டை அதில் வைத்துத் தள்ளினேன். ஒரு சத்தமும் இல்லாமல் அந்தக் கோடி வரைக்கும் போய் நின்றது.

எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் தயங்கினேன். அடுத்த சட்டம், அதற்கடுத்த சட்டம் என்று போய்க்கொண்டே இருந்தேன். மழையின் சத்தம் கேட்கவில்லை, பசி தெரியவில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது, கால் மணி நேரமாவது இருக்கும், எனக்கு ஒரு மகள் பிறந்திருக்கிறாள் என்பதே மறந்துபோய்விட்டது. எதற்காகக் காடி எடுக்கிறேன் என்பதே நினைப்பில் இல்லாமல் காடி எடுத்தேன்.

இரண்டே முக்காலுக்குப் பெட்டி முடிந்தது. பல்பை எரியவிட்டுப் பார்த்தேன். கண்ணாடி இளஞ்சூடாக வந்தது. நிமிர்ந்தபோது வாசலில் கூட்டாளி ஒரு டெம்போவோடு நின்றான். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்று அவனாகவே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். மழை படாமல் பெட்டியின் மேல் ஒரு சாக்கைப் போர்த்தினான். பின்னால் ஏறி உட்கார்ந்து, பெட்டியை மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டான். மழையில் சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தது. அவ்வளவு குலுக்கலிலும் ஒரு கண்ணாடிகூட ஆடவில்லை.

நாங்கள் போனபோது மணி மூன்றரை. மதினி வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். வெந்நீர்ப் பாத்திரம் பக்கத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மூன்று மணிக்கு மூச்சு நின்றுவிட்டது என்று டாக்டரம்மா உள்ளிருந்து வந்து சொன்னார். கூட்டாளி பெட்டியை எங்கே இறக்குவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வராண்டாவில் நின்றான்.

நான் டாக்டரம்மாவிடம் பெட்டி முந்தின நாளே வந்திருந்தால் என்று ஆரம்பித்தேன்.

"நேத்தே வந்திருந்தாலும் சொல்ல முடியாது தம்பி. நுரையீரல் பத்தல" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பிறகு பல வருஷம் நடமாடினேன். சொல்ல முடியாது என்றுதான் அவர் சொன்னார். பிழைத்திருக்க மாட்டாள் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

பெட்டி அங்கேயே இருந்துவிட்டது. அடுத்த மாதமே வன்னியம்பட்டியிலிருந்து வந்த ஒரு குறைமாதப் பிள்ளையை அதில் வைத்தார்கள். இருபது நாள் இருந்து பிழைத்து வீட்டுக்குப் போனது. மதினி அதைப் புண்ணியம் என்று சொன்னாள். பெட்டியைப் பார்த்த ஒரு தச்சர் காடியைத் தடவிப் பார்த்து, யார் கை வேலை என்று விசாரித்ததாகவும் சொன்னாள். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அதைக் கேட்ட அன்று ராஜபாளையம் போகிற பஸ்ஸில் ஏறாமல், எங்கே போகிறேன் என்று தெரியாமல் சாலையோரமாகவே வெகுதூரம் நடந்தேன்.

என் மனைவி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பெட்டி வேலை இரண்டு நாள் வேலை, அவர் என்ன செய்வார், பாவம் என்று வந்தவர்களிடமெல்லாம் அவளே சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பையன் பிறந்தான், மாதம் நிறைந்து, கொழுகொழுவென்று. கூட்டாளிக்கும் பிறகு ஒரு பெண் பிறந்தது. அவன் தனியாகப் பட்டறை வைத்துக்கொண்டு போனான். நான் சொன்ன வார்த்தைக்காக அல்ல என்றான். அதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மார்கழிக் காலையில், டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்ததாகப் பக்கத்துக் கடைக்காரர் வந்து சொன்னார். இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் குறைமாதம். பெட்டி ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வேண்டும். அப்போது என் பட்டறை வீட்டின் முன்பகுதியிலேயே இருந்தது. மனைவி பின்னால் சமைத்துக்கொண்டிருந்தாள். சேதியைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

மணி ஒன்பது. நான் காம்பினேஷன் பிளேன் இருந்த பக்கமே போகவில்லை. இழைத்த சட்டங்களை எடுத்து அறுத்துக் கோத்தேன். அவளே போய்க் கண்ணாடி வாங்கி வந்தாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு. பீடிங் கட்டைப் பிரித்தேன். நீளமான ஆணியாகப் பார்த்து எடுத்தேன். பால்கோவாக் கடையில் பெயர்ந்தது ஆணி குட்டையாக இருந்ததால்தான், பீடிங் என்பதால் அல்ல. அது எனக்கு அந்த வருஷமே தெரியும். அவள் பீடிங்கின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் மறுமுனையிலிருந்து அடித்துக்கொண்டே வந்தேன். கண்ணாடியைச் சொருகினோம். பெட்டியைக் கவிழ்த்து உலுக்கிப் பார்த்தேன், ஒன்றும் நகரவில்லை. பல்பைப் போட்டேன். கண்ணாடி இளஞ்சூடாக வந்தது.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐந்து.

"முடிஞ்சிட்டா?" என்றாள்.

முடிந்துவிட்டது என்றேன்.

"அன்னைக்கு ரெண்டு நாள் வேலைன்னு சொன்னீகளே."

வெளியே வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. அதைச் சாக்காக வைத்து நான் தப்பித்திருக்கலாம். இந்தத் தடவை தப்பிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டாளி முதல் நாள் காலை பத்து மணிக்கே பீடிங் அடிக்கலாம் என்று சொன்னதை, நான் மறுத்ததை, ஒரு நூல் கட்டரை, தொலைந்துபோன இரும்புத் துண்டை, அவனிடம் நான் பேசிய வார்த்தையை. நாலு பேர் பார்ப்பார்களே என்று நினைத்ததைச் சொன்னேன். மறுநாள் அந்தக் காடி ஓடியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்ததையும் சொன்னேன். அவள் சூடேறிய கண்ணாடியின் மேல் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஹாரன் மறுபடியும் அடித்தது.

"அவ அன்னைக்குப் பூரா இருந்தாளே" என்றாள். கண்ணாடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, "மறுநா மத்தியானம் வரைக்கும் இருந்தாளே" என்றாள்.

பிறகு குனிந்து பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் மறுபக்கத்தைத் தூக்குவதற்காகக் காத்து நின்றாள்.